நாலு பெருசு, ரெண்டு வாண்டு, ஒரு மணி

கும்பகோணத்திலிருந்து கடலுக்கு இரண்டு மணி நேரப் பயணம்கூடக் கிடையாது. மயிலாடுதுறையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் தரங்கம்பாடி வந்துவிடும். ஆனால் எனக்கு 19 வயது ஆகும்வரை எங்கள் குடும்பம் ஒரு ராத்திரிகூடக் கடலோரத்தில் தங்கியதில்லை. காலையில் போவோம், கால் நனைப்போம், சுண்டல் சாப்பிடுவோம், இருட்டுவதற்குள் வீடு. ஏன் என்று கேட்டால் "உப்புக்காத்து வண்டிக்கு ஆகாதுடா" என்பார் அப்பா. எங்கள் வண்டி இருக்கிற லட்சணத்துக்கு உப்புக்காற்று புதிதாக என்ன செய்துவிடப் போகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

போன மே மாத லீவில் அக்கா கோயம்புத்தூரிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தாள். பெரியவனுக்கு ஆறு வயது. குட்டிம்மாவுக்கு மூணரை. அத்திம்பேருக்கு லீவு கிடைக்கவில்லை. கத்திரி வெயிலில் இரண்டு வாண்டுகளையும் வீட்டுக்குள் அடைத்து வைத்து நாலு நாள் ஆனதும் அம்மாவே சொல்லிவிட்டாள், "எங்கயாவது ரெண்டு நாள் போயிட்டு வரலாங்க, இல்லாட்டி நான் மட்டும் போறேன்." அம்மா இப்படிப் பேசுவது வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். அப்பா சட்டென்று ஒத்துக்கொண்டார்.

பிரச்சனை மணி.

மணி எங்கள் நாய். 2020 ஊரடங்கில் எங்கள் தெருமுனைச் சாக்கடைக்குள் ஒரு சத்தம் கேட்டது. அப்பா மாஸ்க்கோடு குனிந்து எடுத்து வந்த ஜீவன். நாய் என்றாலே தனக்கு அலர்ஜி என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். இன்று மணிக்குத் தயிர்சாதம் பிசைந்து வைப்பது அவர்தான். விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ரயிலில் என்றால் முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபே முழுவதையும் நாமே எடுக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அவன் தனியாக வர வேண்டும். ஆகவே உப்புக்காற்றுக்கு ஆகாத அதே வண்டிதான்.

தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் நடுவில் எங்கோ ஒரு ஹோட்டல். பெயர் வேண்டாம். "குழந்தைகளுக்கும் செல்லப் பிராணிகளுக்கும் நல்வரவு" என்று அவர்களுடைய பக்கத்தில் போட்டிருந்தது. கூடவே ஒரு படம். பொன்னிற முடியோடு ஒரு குழந்தை, பொன்னிற முடியோடு ஒரு நாய், பின்னால் நீலக் கடல். அந்தக் குழந்தை நம்ம மாவட்டம் இல்லை என்பது மட்டும் உறுதி :-)

அப்பா போன் போட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோரும் கேட்டோம்.

"நாய் என்ன பிரீட் சார்?"

"நாட்டு நாய்ங்க."

"நாட்டு நாய்னா... ராஜபாளையமா சார்?"

அப்பா ஒரு விநாடி எங்களைப் பார்த்தார். பிறகு கொஞ்சமும் கூசாமல், "சிப்பிப்பாறை" என்றார். வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லாத மனிதர். கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் கணக்கெழுதியவர். மணிக்காகச் சொன்னார்.

சிப்பிப்பாறை நாயைப் பார்த்திருக்கிறீர்களா? வேட்டை நாய். முகம் ஒடுக்கமாக நீண்டிருக்கும், வயிறு ஒட்டியிருக்கும், கால்கள் குச்சி மாதிரி உயரம். எங்கள் மணி உருண்டை முகம், தயிர்சாத வயிறு, ஒரு காது மேலே ஒரு காது கீழே.

அவன் வண்டியில் வாந்தி எடுப்பான் என்பதால் கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு கிடையாது. ஆக மணி பட்டினி. அவன் எடுக்கவில்லை. பெரியவன் எடுத்தான். அவனுக்கு அம்மா நாலு இட்லி கொடுத்திருந்தாள்.

ரிசப்ஷனில் இருந்த அண்ணன் மரியாதையானவர்தான். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையைக் கேட்டார், கொடுத்தோம். மணியைக் குனிந்து பார்த்தார். "சிப்பிப்பாறைன்னு சொன்னீங்க..." என்று இழுத்தார். அப்பா வாயைத் திறப்பதற்குள் பெரியவன் முந்திக்கொண்டான். "இல்ல அங்கிள், இது சாக்கடை நாய். தாத்தாதான் எடுத்தாங்க."

அதைப் பெருமையாகத்தான் சொன்னான். அப்பாவின் காது சிவந்ததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். எங்களுக்கு முன்பு வந்திருந்த ஒரு சென்னைக் குடும்பத்தின் லாப்ரடார், ஹாலில் ஃபேனுக்குக் கீழே காலை நீட்டிப் படுத்திருந்தது. அதற்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வைத்திருந்தார்கள். எங்களிடம், "உங்களுக்குப் பின்பக்க ரூம் வசதியா இருக்கும் சார், நாய்க்கும் ஃப்ரீயா இருக்கும்" என்றார்கள். முன்பணமாக ஒரு தொகையும் கேட்டார்கள். லாப்ரடார்க்காரர்களிடம் கேட்டார்களா என்று தெரியாது. அப்பா எண்ணிக் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை.

பின்பக்க ரூம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் ஒரு விஷயம், அங்கிருந்து கடல் நாற்பது எட்டு. ஒரு குட்டை மதில், அதில் ஒரு சின்ன மரக் கேட், அதற்கப்பால் மணல். முன்பக்க ரூமில் இருந்தவர்களுக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் டால்பின் பொம்மையும்தான் தெரியும். எங்களுக்குக் கடலே தெரிந்தது. நாங்கள் குஷியாகிவிட்டோம். அம்மா மட்டும் அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் கொக்கி என் முழங்கால் உயரத்தில் இருந்தது.

"இதை மேல வைக்கக் கூடாதா?" என்று ரூமுக்கு வந்த பையனிடம் கேட்டாள். "கெஸ்ட் எல்லாம் போக வர இருப்பாங்கம்மா" என்றான் அவன். சறுக்குமரத்துக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டிருந்த ஹோட்டல் அது. ஊஞ்சலில் பெல்ட் இருந்தது. அத்தனையும் யோசித்தவர்களுக்குக் கொக்கியை ஒரு மூணடி மேலே வைக்கத் தோன்றவில்லை.

மணி முதன்முதலாகக் கடலைப் பார்த்த காட்சியைச் சொல்லாமல் விடக்கூடாது. அலை வரும்போது பின்னால் ஓடினான். அலை திரும்பும்போது, தான் குரைத்துத்தான் அது ஓடுகிறது என்று நினைத்துத் துரத்தினான். மறுபடி அலை, மறுபடி ஓட்டம். இப்படி அரை மணி நேரம். தாகம் எடுத்ததும் கடல் தண்ணீரையே நக்கிவிட்டான். நான் கவனிக்கவில்லை. ராத்திரி ஹோட்டல்காரர்களின் மிதியடியில் எல்லாம் திரும்பி வந்தது. நாயைக் கடலுக்குக் கூட்டிப் போகிறவர்கள் ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கையிலேயே வைத்திருங்கள். உப்புத் தண்ணீர் வயிற்றுக்குள் போனால் வாந்தி, பேதி இரண்டும் வரலாம். இன்னொன்று, மே மாதத்தில் காலை பத்து மணிக்கு மேல் அந்த மணலில் நாயை இறக்காதீர்கள். நமக்குச் செருப்பு இருக்கிறது. புறங்கையை ஐந்து விநாடி மணலில் வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லையென்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

அப்பா கடலில் இறங்கவே இல்லை. கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து எங்களை எண்ணிக்கொண்டிருந்தார். நிஜமாகவே எண்ணினார். விரலை நீட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று மணியில் முடிப்பார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை. தன்னையும் சேர்த்து ஏழு. அக்காவும் நானும் அன்றைக்கு முழுவதும் கிண்டலடித்தோம். "சார், அட்டெண்டன்ஸ் போடுங்க சார், பிரசென்ட் சார்." பெரியவனும் சேர்ந்துகொண்டான். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எண்ணினார்.

ராத்திரி சாப்பாட்டில் மீன் விலையைப் பார்த்து அம்மா மெனு அட்டையை மூடிவிட்டாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, நாட்டுப்படகில் வருவதுதான் மீன். கடலுக்கு நாற்பது எட்டில் உட்கார்ந்து சாம்பார்சாதம் சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடித்து மணியை நடக்க விட்டபோதுதான் வாட்ச்மேன் பெரியவர் அறிமுகமானார். பக்கத்துக் குப்பத்துக்காரர், முன்பு கட்டுமரத்தில் போனவராம். மணியைப் பார்த்ததும் தாடையைத் தடவிக் கொடுத்தார். "சிப்பிப்பாறைன்னு எழுதி வச்சிருக்காங்களே தம்பி, யாரு சொன்னது?" என்று சிரித்தார். ரிஜிஸ்டரில் அதை அடிக்கவே இல்லை போலிருக்கிறது. "இது நம்ம சாதி நாய்தான், கரையில வளரும் பாருங்க, அதே முகம்" என்றார். அவரோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் அந்தக் கரையில் ஏறி முட்டையிடுமாம். ஒரு குழிக்கு நூறு முட்டை அளவில் இருக்கும், குஞ்சு வெளியே வர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை நாய்களுக்கும் நரிகளுக்கும் தப்பிக்க வேண்டும். "வாரை விட்றாதீங்க தம்பி. தோண்ட ஆரம்பிச்சா இதுங்களுக்கு உலகமே மறந்துரும்." மணி அப்போதே அவர் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு குழி தோண்டி முடித்திருந்தான்.

இனி சொல்லப் போவதை இரண்டு பேரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் விடிகாலை மணி என் காலை நக்கி எழுப்பினான். குட்டிம்மாவும் முழித்துவிட்டாள். அக்கா முந்தின ராத்திரி முழுவதும் மிதியடியைக் கழுவி, பிள்ளைகளைத் தூங்க வைத்து, அப்போதுதான் கண் அசந்திருந்தாள். நான் நல்லவன் மாதிரி இரண்டு பேரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். "நான் பிடிக்கிறேன் மாமா" என்று குட்டிம்மா மணியின் வாரைக் கேட்டாள். கொடுத்தேன். கேட் கொக்கி போட்டிருந்தது, பார்த்தேன்.

என் வகுப்புத் தோழர்களுக்கு அந்தக் காலை ஞாபகம் இருக்கும். செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது என்று குரூப்பில் ஒரு புண்ணியவான் புரளியைக் கிளப்பி, நாம் அறுபது பேரும் விடிகாலையில் எழுந்து அல்லோலகல்லோலப்பட்டோமே, அதே காலைதான். நான் முதல் மெசேஜ் போட்டது 5:42. பக்கம் திறக்கவில்லை என்று திட்டி, யாரோ போட்ட மீமுக்குச் சிரித்து, எனக்கு மேத்ஸ் ஊத்திக்கும் என்று புலம்பி, கடைசி மெசேஜ் 5:53. நேரம் எல்லாம் போனில் அப்படியே இருக்கிறது. பதினொரு நிமிஷம்.

நிமிர்ந்து பார்த்தால் யாரும் இல்லை. கேட் திறந்து கிடந்தது.

ஓடினேன் என்று எழுதலாம். ஆனால் முதலில் நான் ஓடவில்லை. ஒரு விநாடி அப்படியே நின்றேன். கூப்பிட வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் கால் வேலை செய்தது. சூரியன் அப்போதுதான் மேலே வந்திருந்தது, நேரே கண்ணில் அடித்தது. கடல் மட்டும் தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்த பிறகு இடது பக்கம் ஒரு மஞ்சள் கவுன்.

அலை வந்து திரும்பும் ஈரத்துக்குப் பத்தடி இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்திருந்தாள். வார் அவள் கையில் இல்லை, மணலில் இழுபட்டுக் கிடந்தது. மணி பின்பக்கம் மட்டும் தெரியும்படி ஒரு நண்டு வளைக்குள் தலையை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தான். மணல் பறந்து அவள் முடியெல்லாம் விழுந்திருந்தது. ஒரு பெரிய அலை வந்து அவள் கவுன் நுனியை நனைத்துவிட்டுப் போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளைக்குள்ளேயே கவனம்.

"மாமா, உள்ள ஒருத்தர் இருக்கார்" என்றாள்.

மணி அவளைக் காப்பாற்றினான் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. சொன்னால் ரிசப்ஷனில் பட்ட அவமானத்துக்கும் ஈடாகிவிடும். ஆனால் அப்படி இல்லை. அவன் அவளைக் காவல் காக்கவில்லை, குரைக்கவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. கொக்கியை அவளே திறந்திருக்கிறாள். அவன் வாரோடு பாய்ந்து போயிருக்கிறான், அவனைத் துரத்திக்கொண்டு இவள் போயிருக்கிறாள். அவன் நண்டு தோண்ட நின்றான், அதை வேடிக்கை பார்க்க இவளும் நின்றாள். அந்த நண்டு பத்தடி தள்ளி வளை போட்டிருந்தால்? எனக்கு அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை, இப்போதும்.

அவளைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஷிப்ட் முடிந்து போகிற வாட்ச்மேன் பெரியவர் எதிரே வந்தார். முன்வாசல் பக்கம் இருந்திருக்கிறார். என்னைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. "கை நடுங்குது, பிள்ளையை இப்படிக் குடுங்க தம்பி" என்று வாங்கிக்கொண்டார். ரூம் வரை அவர்தான் தூக்கி வந்தார். போகும்போது தன் இடுப்பில் செருகியிருந்த நைலான் கயிற்றை எடுத்து, கேட்டின் மேல்பக்கத்தில் நாலு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கே ஐந்து நிமிஷம் ஆனது.

அக்கா எழுந்து, "சமத்தாப் பாத்துக்கிட்டியேடா" என்று எனக்கு காபி கொடுத்தாள். குடித்தேன்.

சாயந்திரம் தரங்கம்பாடி போனோம். டேனிஷ்காரர்கள் 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை. 1845இல் வெள்ளைக்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே மியூசியம். மணியோடு போக முடியாது என்பதால் நான் வெளியே இருந்துகொண்டேன். அன்றைக்கு அவனோடு இருப்பதுதான் எனக்கும் வசதியாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் பாண்டியர் காலத்தில் கட்டியது. முன்பக்கத்தைக் கடல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் இருப்பதற்கு முன்னால் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அலை அந்தக் கல்லில் அறைந்துகொண்டே இருந்தது.

கால் மணி நேரத்திலேயே அப்பா தனியாக வெளியே வந்துவிட்டார். உள்ளே நாலு பேர், வெளியே இரண்டு பேர். எண்ணிக்கை உதைத்திருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சொல்லிவிட்டேன். போன், பதினொரு நிமிஷம், கேட், எல்லாம்.

அறைவார் என்று நினைத்தேன். அவர் மணியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

2004 சுனாமிக்குப் பிறகு அப்பா ஆபீஸ் நண்பர்களோடு லாரியில் அரிசியும் பாயும் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து பத்து நாள் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அம்மா சொல்லியிருக்கிறாள். நான் பிறப்பதற்கு முன்பு. மயிலாடுதுறை மாவட்டம் 2020இல்தான் தனியாகப் பிரிந்தது, அப்போது இதெல்லாம் நாகப்பட்டினம் மாவட்டம். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தப் புள்ளிவிவரம் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அப்பா அங்கே என்ன செய்தார் என்று மட்டும் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

"முகாம்ல எனக்குப் பேர் எழுதுற வேலை" என்றார். "பேங்க்காரன்னு நோட்டைக் கையில குடுத்துட்டாங்க. ஒரு குடும்பத்துல எத்தனை பேர் இருந்தீங்க, இப்ப எத்தனை பேர். ரெண்டு காலம். ஒரு ஆளு தெனம் காலையில வருவார். எண்ணிட்டீங்களா சார், இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க சார்னு. அவர் வீட்டுக் கணக்கு எனக்கு நல்லாத் தெரியும். ஆனாலும் அவருக்காக தெனம் எண்ணுவேன்."

அதோடு நிறுத்திவிட்டார். அந்த ஆள் வீட்டில் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. கோட்டை வாசலில் அக்காவும் அம்மாவும் பிள்ளைகளோடு வருவது தெரிந்தது. "அவகிட்ட இப்பச் சொல்லாத. ஊருக்குப் போனதும் நீயே சொல்லு" என்றபடி எழுந்தார். (ஊருக்கு வந்ததும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து போனில் சொன்னேன். அக்கா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு வைத்துவிட்டாள். மூன்று நாள் என் போனை எடுக்கவில்லை.)

கடைசி நாள் விடிகாலை நாலரைக்கு முழிப்பு வந்தது. அப்பாவின் பாய் காலி. மணியும் இல்லை. வெளியே வந்தேன்.

ரூமிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த மரக் கேட்டில் முதுகு படும்படி போட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா. துண்டைத் தலையில் சுற்றியிருந்தார். மணியின் வார் நாற்காலிக் காலில் கட்டியிருந்தது. அவன் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இருட்டில் அவருக்குப் பின்னால் கடல் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்பப்பா வந்தீங்க?"

"இப்பத்தான்" என்றார். துண்டு பனியில் நனைந்திருந்தது. "உள்ள எண்ணிட்டு வந்தியா?"

"நாலு பேரும் தூங்குறாங்கப்பா."

என்னையும் மணியையும் தன்னையும் சேர்த்துக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை ஆட்டினார்.

"ரோட்டுல டீக்கடை தெறந்திருப்பான், பாத்துட்டு வா. எனக்குச் சீனி கம்மியா."